அண்ணன் உயிரோடில்லை என்று சொன்னது

பூந்தா அரேனாசில் விமானம் நேராக இறங்கவில்லை. நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கியது. அங்கே காற்று அப்படி. பக்கத்து ஆசனத்துப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சட்டைக்குள் கையை விட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பிராங்பேர்ட்டில் ஏறியதிலிருந்து அதை எத்தனை தடவை தடவியிருப்பேனோ தெரியாது. விமானம் விழுந்தால் கடவுச்சீட்டை வைத்து என்ன செய்வது என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. எனக்கு வருகிற பயமெல்லாம் கடுதாசியைச் சுற்றித்தான் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எழுத்து எங்கே இருந்தாலும் அதற்குள் எனக்கு எதிராக ஏதோ இருக்கிறது என்றே மனம் நினைக்கும்.

சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கிற துறைமுகப் பட்டினம் அது. முன்னால் ஒரு நீரிணை, நீரிணைக்கு அப்பால் ஒரு பெரிய தீவு, அதற்கும் கீழே போனால் பனிக்கண்டம். அங்கே முப்பது வருடத்துக்கு மேலாக என் அண்ணன் இருக்கிறார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர். அந்தக் கப்பலின் முதலாளி கப்பலையும் ஆட்களையும் அந்தத் துறைமுகத்திலேயே கைவிட்டுவிட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, அண்ணன் மட்டும் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அந்த ஊர்ப் பெண்ணையே கலியாணமும் செய்துகொண்டார்.

நான் போனது என் மகளின் கலியாணத்தைச் சொல்ல. சொந்தக்காரருக்குக் கலியாணத்தைத் தொலைபேசியில் சொன்னால் அது சொன்னதாகாது. அட்டையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாயால் கேட்கவேண்டும். அதிலும் இந்தக் கலியாணத்தில் அண்ணனிடம் வேறொன்றும் கேட்கவேண்டியிருந்தது. என் மனைவி இறந்து ஆறு வருடம். எங்கள் வழக்கத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர்கள் கணவனும் மனைவியுமாகச் சோடியாக நிற்கவேண்டும். தனியாள் நிற்கக்கூடாது. தகப்பனுக்கு மூத்தவர் இருந்தால் அவரும் அவர் மனைவியும்தான் அதற்கு உரித்தானவர்கள்.

மகள்தான் டிக்கட் எடுத்துத் தந்தாள்.

"அப்பா, பெரியப்பாவும் பெரியம்மாவும் எனக்கு நிக்கட்டும். நீங்கள் நேர போய்க் கேளுங்கோ."

"தூரமடி பிள்ளை."

"தூரம் எண்டால் பிளேன் இருக்கு. நீங்கள் தலையிடி, வயித்துக்குத்து எண்டு சொல்லாமல் போயிட்டு வாங்கோ."

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டிக்கட் எடுத்த அந்தக் கிழமையே நான் போய், எங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் பழக்கமான ஓர் அண்ணையையும் அவர் மனைவி அக்காவையும் தாரை வார்க்க வரும்படி கேட்டிருந்தேன். அவர்கள் சந்தோசமாக ஓம் என்றுவிட்டார்கள். மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஊர்ச் சண்டைக்குத் தப்பி நான் ஜேர்மனிக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அகதி முகாமில் எங்களுக்கு முன்னமே வந்திருந்த ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு ஏ.எல். வரை படித்தவர், புதிதாக வருகிறவர்களுக்கு விசாரணையில் என்ன சொல்லவேண்டும் என்று பாடம் எடுப்பார். என்னிடம் கேட்டார்.

"கூடப்பிறந்த ஆக்கள்?"

"ஒரு அண்ணை. கப்பலிலை."

"கப்பலிலையோ? உதைச் சொன்னியோ, முடிஞ்சுது. அண்ணனிட்டைப் போவன் எண்டு அனுப்பிப்போடுவாங்கள். அண்ணையை ஆமி சுட்டுப்போட்டுது எண்டு சொல்லு."

"அப்பிடிச் சொல்லலாமோ?"

"உயிரோடை இருக்கிற உனக்கு விசா வேணுமோ வேண்டாமோ?"

அவர் சொன்னது சரியா பிழையா என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. படித்தவர் சொல்கிறார், செய்வோம் என்று நினைத்தேன். ஆனால் விசாரணை அறையில் அந்த அதிகாரி, எங்கே, எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பொய்யை அந்த இடத்திலேயே கட்டுகிற கெட்டித்தனம் என்னிடம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஓர் உண்மையான சாவை எடுத்து அண்ணனுக்குப் போட்டேன். ஊரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர், ஒன்றாகப் பந்தடித்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூரைக்குக் கிடுகு வாங்கச் சைக்கிளில் போனவரை ஆமி மறித்துக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் கடற்கரையில் கிடந்தார். அவர் இடுப்பில் இருந்த நீலக்கோடு போட்ட சாரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுடைய ஆளான மொழிபெயர்ப்பாளர், சாரத்தைப் பற்றி நான் சொன்ன இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் உண்மையாகவே அழுகை வந்தது. அதிகாரி ஒரு கோப்பை தண்ணீர் தந்தார்.

பிறகு எந்த அன்ட்ராக், விண்ணப்பப் படிவம், நிரப்பினாலும் சகோதரர் என்ற இடத்தில் "இல்லை" என்றே எழுதவேண்டியதாயிற்று. ஒரு கடுதாசிக்குப் பொருந்தத்தானே அடுத்த கடுதாசி இருக்கவேண்டும். விசா, வதிவிட உரிமை, கடைசியில் குடியுரிமை. ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்கப் பயம் குறையும் என்று நினைத்தேன். பிடுங்கிக்கொள்ளக்கூடிய சாமான் கூடினதுதான் மிச்சம். தபால்பெட்டியில் அரசாங்கக் கடிதம் வருகிற மஞ்சள் உறை கிடந்தால், அது பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று தெரிகிற வரைக்கும் பெயரைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எங்கள் சனமெல்லாம் கூடுகிற ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் அந்த மொழிபெயர்ப்பாளரை வருடா வருடம் காண்பேன். "எப்பிடித் தம்பி, சுகமோ?" என்று அன்பாகக் கேட்பார். அவருக்கு என்னை எதற்காக நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் தேருக்கு மற்றப் பக்கம் போய்விடுவேன். மகளின் கலியாணத்துக்கு அவரையும் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விட்டால் ஏன் என்று சனம் கேட்கும். அவர் வந்து நிற்கிற மண்டபத்தில், மணவறையில், செத்துப்போன என் அண்ணன் எப்படித் தாரை வார்ப்பார்?

அண்ணன் இரண்டு தரம் ஜேர்மனிக்கு வருகிறேன் என்று கேட்டார். சிலிக் கடவுச்சீட்டு கிடைத்தபோது ஒருமுறை. அவருக்கு விசாகூடத் தேவையில்லை. "இப்ப வீடு சின்னன் அண்ணை, பிறகு பாப்பம்" என்றேன். என் மனைவி இறந்தபோது இரண்டாவது முறை. "வெளிக்கிடப் போறன்" என்றார். "வேண்டாம் அண்ணை, நீங்கள் வந்து சேர எல்லாம் முடிஞ்சிடும்" என்றேன். அவர், "சரி, உன்ரை விருப்பம்" என்றார். மனைவியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் சொந்தம் ஒருவரும் இல்லாமல் நான் நின்றதற்கு நானே காரணம்.

வழியில் சந்தியாகோ விமானநிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். சாப்பாட்டுச் சாமான், செடி, விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தது. நான் எல்லாப் பெட்டிக்கும் ஆம் என்று கோடு போட்டுவிட்டேன். மிளகாய்த்தூள், ஏலக்காய், முறுக்கு என்று மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கலியாணம் சொல்லக் கொண்டுபோன வெற்றிலையையும் பாக்கையும் வைத்தேன். அதிகாரி வெற்றிலையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். பாக்கை மோந்து பார்த்துவிட்டு அதையும் போட்டான்.

அண்ணன் விமானநிலையத்தில் நின்றார். தலை முழுக்க நரைத்து, முகம் காற்றில் வெடித்திருந்தது. நாங்கள் கடைசியாக நேரில் கண்டபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதல் சொன்னது:

"என்னடா, குடையோ கொண்டு வந்தனி?"

"மழை எண்டு போட்டிருந்தது அண்ணை."

"இஞ்சை மழை மேலையிருந்து விழாது. பக்கத்தாலை வரும். உதை விரிச்சியெண்டால் நீ பனிக்கண்டத்திலைதான் போய் இறங்குவாய்."

அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். எனக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் வராது. அவருக்குத் தமிழில் கொஞ்சம் வரும். ஆனால் அவர் தமிழ் கேட்டது அண்ணன் ஒருவரிடம் மட்டும்தானே, அதனால் வந்ததெல்லாம் கட்டளைகள். "இரு" என்றார். "தின்" என்றார். நான் போதும் என்று கையால் மறைக்க, மிக அன்பாகச் சிரித்துக்கொண்டு "வாயை மூடு" என்றார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு, "அது நான் நாய்க்குச் சொல்லுறது" என்றார்.

அன்றைக்கே அட்டையைக் கொடுத்தேன். அண்ணன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். தமிழ் வாசித்து எத்தனை வருடமோ, எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தார். எங்கள் அப்பாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப அதை ஒருமுறை வாசித்தார். பிறகு கேட்டார்.

"ஆர் தாரை வாக்கிறது?"

அவர் அதைக் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தார். தானாக ஆசைப்பட்டுக் கேட்டதாக இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும், நீங்களும் அண்ணியும்தான் என்று. அந்தச் சொல்லுக்காகத்தான் மகள் என்னை உலகத்தின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பினாள்.

"அது இன்னும் முடிவெடுக்கேல்லை அண்ணை" என்றேன்.

"ம்" என்றார்.

மூன்று நாள் ஊரைக் காட்டினார். தகரக் கூரைகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசிய வீடுகள். காற்று பெலத்த நாட்களில் சனம் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவில் கயிறு கட்டுவார்களாம். உடைந்த பழைய இறங்குதுறைப் பாலமொன்றின் மரக்கட்டைகள் கடலுக்குள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் கறுப்பு நீர்க்காகங்கள் நெருக்கியடித்து இருந்தன. ஒருநாள் பெரிய சிவப்பு நண்டு வாங்கி வந்து, நான் கொண்டுபோன தூளில் கறி வைத்தார். அதன் கால் ஒன்றே என் முழங்கை நீளம். அண்ணி உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எவ்வளவு நல்ல நாட்கள் என்று தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. சொல்லவேண்டும், எப்படிச் சொல்வது என்று உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது.

நாலாம் நாள் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தார். கையில் ஸ்பனர். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு நான் இருந்தேன். அவர்தான் தொடங்கினார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். ரெண்டு தரம் வாறன் எண்டு கேட்டன். நீ விரும்பேல்லை. அண்ணி வேறை சாதி, வேறை சமயம் எண்டோ?"

இத்தனை வருடமும் அவர் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "ஐயோ, இல்லை அண்ணை" என்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முகாம், விசாரணை, ஆமி, எல்லாம்.

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நான் செத்து முப்பது வருசத்துக்கு மேலையோ? உந்தச் செய்தியை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! விசரா, உதுக்கோ இவ்வளவு நாளும் பயந்தனி?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சரி, நான் எப்பிடிச் செத்தனான்? அதையும் சொல்லன், கேப்பம்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் அந்தச் சிரிப்பிலேயே சொல்லத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை, சைக்கிள், கிடுகு. அவர் முகம் மாறுவதைக் கண்டும், நிறுத்தத் தெரியாமல் நீலக்கோட்டுச் சாரம் வரை சொல்லிவிட்டேன்.

"உது அவன்ரை சாவு எல்லோ" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"நான் கப்பல் ஏறேக்கை பஸ் வரைக்கும் என்ரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். செத்தது எனக்குத் தெரிஞ்சது ஒரு வருசம் கழிச்சு, அம்மாவின்ரை கடிதத்திலை. நடுக்கடலிலை வைச்சு வாசிச்சனான்." ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். "அவன்ரை தாய்க்குக் கடைசியா மிஞ்சினது அந்தச் சாவுதான். அதையும் எடுத்துக் கொண்டுபோய் அங்கை குடுத்தனியோ?"

நான் கடுதாசிக்குப் பயந்தேன், பொலிசுக்குப் பயந்தேன், மஞ்சள் உறைக்குப் பயந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தத் தாயை நினைத்து எனக்கு நித்திரை கெடவில்லை.

அண்ணன் நல்ல மனிதர். கொஞ்ச நேரத்தில் தானே சமாதானமாகிவிட்டார். "இருபது வயசு. என்னத்தைச் செய்யிறது" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சரி. இப்ப நான் வந்தால் உனக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

அவர் கேட்டது சட்டத்தை அல்ல என்று இப்போது எனக்கு விளங்குகிறது. ஒரு பிரச்சினையும் வராது, வந்தாலும் வரட்டும், நீங்கள் வாங்கோ என்று சொல்வதற்கு அவர் இடம் தந்தார். நான் படகைப் பார்த்தேன். படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பார்த்தேன்.

"தெரியேல்லை அண்ணை. ஆரையும் கேட்டுப் பாக்கவேணும்."

"கேட்டுப் பார்" என்றார். ஸ்பனரை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்துவிட்டார்.

மிச்ச நாட்களிலும் நன்றாகத்தான் பார்த்தார். பகிடி விட்டார், நண்டு வாங்கினார். கலியாணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. விமானநிலையத்தில் என் குடையைத் தூக்கிக் காட்டி, "இதை விட்டிட்டுப் போ, கொக்கியிலை கொழுவி வைக்கலாம்" என்றார். தன் கையில் இருந்த பொதியை மகளுக்கு என்று தந்தார். அண்ணி பின்னிய கம்பளிச் சால்வை.

மகள் கேட்டாள், "என்னவாம் பெரியப்பா?" நான், "யோசிக்கிறாராம்" என்றேன்.

ஒரு ஆலோசனை நிலையத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. டெர்மின் கிடைக்காமல் அல்ல. மூன்று தரம் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். நாலாம் தரம்தான் பேசினேன். அங்கே இருந்த ஜேர்மன் பெண்மணி நான் சொன்னதைக் கேட்டார், குடியுரிமை எடுத்த திகதியைப் பார்த்தார். அரசாங்கம் அதைப் பறிப்பதற்கான கால எல்லை கடந்து பல வருடமாகிவிட்டது என்றார். "உங்கள் அண்ணன் தாராளமாக வரட்டும், கலியாணத்துக்கு என் வாழ்த்துகள்" என்றார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்காது. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். மூன்று பஸ் போகவிட்டேன். சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. என் மனைவியின் செத்தவீட்டுக்கு அண்ணன் வருகிறேன் என்று சொன்னபோதே அந்த எல்லை முடிந்துதான் இருந்தது.

அன்று பின்னேரமே அண்ணனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, கேட்டுப்போட்டன். ஒரு பிரச்சினையும் இல்லையாம். நீங்களும் அண்ணியும் வந்து பிள்ளையைத் தாரை வாத்துக் குடுக்கவேணும்."

"சந்தோசம்" என்றார். பிறகு, "வேறை ஆரையும் கேட்டனியோ?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இனி அண்ணனைப் பற்றியோ அண்ணனுக்கோ பொய் சொல்வதில்லை என்று பஸ் தரிப்பிடத்தில் நினைத்திருந்தேன்.

"பக்கத்து ஊர் அண்ணையையும் அக்காவையும் கேட்டனான். அவைக்குச் சொல்லி மாத்தலாம்."

"எப்ப கேட்டனி?"

"அங்கை வர முதல்."

தொலைபேசியில் பட்டறைச் சத்தம் கேட்டது. யாரோ இரும்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப என்னட்டை வரேக்கையே ஆளை வைச்சுக்கொண்டுதான் வந்தனி."

"அண்ணை…"

"இல்லை, நான் கோவத்திலை சொல்லேல்லை. ஓம் எண்டு சொன்ன ஆக்களை எழுப்பிப்போட்டு நாங்கள் அந்த இடத்திலை இருக்கிறது முறையில்லை. அவை நிக்கட்டும். எனக்கும் அந்த மாதம் படகு வேலை கிடக்கு. பிள்ளைக்கு எங்கடை ஆசீர்வாதத்தைச் சொல்லு."

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையிலிருந்து படகு வரை. அவள் கத்தவில்லை. "அப்பா, நீங்கள் என்னட்டை ஒருக்காக் கேட்டிருந்தால் நான் ரெண்டு நிமிசத்திலை பாத்துச் சொல்லியிருப்பன்" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் பெரியப்பாவுக்கு இரண்டு தரம் எடுத்துப் பேசினாள். அவளோடு நன்றாகப் பேசினாராம், சிரித்தாராம், வரவில்லை என்பதை மட்டும் மாற்றவில்லையாம்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பக்கத்து ஊர் அண்ணையும் அக்காவும் பட்டுடுத்தி நேரத்துக்கு வந்து, ஐயர் சொன்னபடி எல்லாம் செய்தார்கள். அவர்களில் ஒரு குறையும் இல்லை. நான் மணவறைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தேன். அவர்கள் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, கும்பத்தைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் என் தோளில் கை வைத்து, "தம்பி, உங்கடை அண்ணர் இருந்திருந்தால் இண்டைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்" என்றார்.

"அண்ணர் இருக்கிறார்" என்றேன். "சிலியிலை. நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்."

அவர் கையை எடுக்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு, "உங்களைப்போலை கனபேருக்கு நான் மொழிபெயர்த்தனான்" என்று மெதுவாகச் சொன்னார். "ஆரும் திரும்பி வந்து சொன்னதில்லை." பிறகு, "அவர் ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

நான் சாம்பாரை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

இப்போது மாதத்தில் ஒருமுறை அண்ணனோடு பேசுகிறேன். வேலை எப்படி, அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்பேன். வைக்கப்போகும்போது ஒவ்வொரு முறையும், "அண்ணை, ஒருக்கா வாங்கோவன்" என்பேன். அவர் அன்றன்று கழற்றிய எஞ்சினைப் பற்றி விளக்கமாகச் சொல்லத் தொடங்குவார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.